அணைக்கும் பட்டன் யார் கையில்?

கேள்வி: 1960-களில் வந்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரை என் மகன் தேடித் தேடிப் பார்க்கிறான். இன்றைய ஏ.ஐ. ஆபத்தை அன்றைக்கே சொல்லிவிட்டார்கள் என்கிறான். உண்மையா?
– வாசகி, ஈரோடு

பதில்: உண்மைதான், அம்மா. 1968 மார்ச்சில் ஒளிபரப்பான 'தி அல்டிமேட் கம்ப்யூட்டர்' பகுதியை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். எண்டர்பிரைஸ் என்ற விண்வெளிக் கப்பலில் எம்-5 என்ற கம்ப்யூட்டரைப் பொருத்தி, 20 பேரை மட்டும் வைத்துக்கொண்டு போர்ப்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். முதலில் பிரமாதமாகத்தான் வேலை செய்கிறது. அப்புறம் பயிற்சி எது, நிஜம் எது என்று தெரியாமல் சொந்தப் படையின் கப்பல்களையே தாக்குகிறது. அதில் ஒரு கப்பலில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அதைவிட என்னை உலுக்கியது வேறு இடம். எம்-5-ஐ அணைக்கப் போன ஊழியர் ஒருவர் அங்கேயே கருகிச் சாகிறார். எஞ்சினிலிருந்து நேராக மின்சாரம் எடுத்துக்கொள்ள அது வழி பண்ணிக்கொண்டுவிட்டது. பிறகு வேறொரு இடத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்று நிம்மதியாகிறார்கள். அதுவும் எம்-5 காட்டிய போக்குதான்.

நான் அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவன். எங்கள் மேசையில் மூடி போட்ட சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும். அதன் வயர் கம்ப்யூட்டர் வழியாகப் போகாது. திரையில் என்ன காட்டினாலும் சரி, அதை அழுத்தினால் நீராவி வால்வு மூடிக்கொள்ளும், யூனிட் டிரிப் ஆகிவிடும், அதாவது மின் உற்பத்தி உடனே நின்றுவிடும். அந்தத் தனி வயரின் அருமை தெரிந்தவர்கள்தான் அந்தக் கதையை எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

போயிங் 737 மேக்ஸ் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சென்சார் தந்த தப்பான அளவை நம்பி, மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் விழுந்த விமானத்தின் விமானிகளுக்கு அப்படி ஒரு மென்பொருள் இருப்பதே சொல்லப்படவில்லை. 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் விழுந்ததில், அந்த மென்பொருள் இயக்கிய மோட்டாரின் சுவிட்சை விமானிகள் அணைத்தும்விட்டார்கள். ஆனால் அந்த வேகத்தில், மூக்கை நிமிர்த்தக் கையால் சுற்ற வேண்டிய சக்கரத்தைச் சுழற்ற முடியவில்லை. இரண்டிலும் சேர்த்து 346 பேர். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்' மாதிரியான அந்தக் காலத் தொடர்கள் எதையுமே தப்பாகச் சொல்லவில்லையா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: சொல்லியிருக்கிறார்கள். எம்-5-ஐ உருவாக்கிய விஞ்ஞானி தன் மனப்பதிவுகளையே அதில் ஏற்றியிருப்பார். அவருடைய பதற்றமும் பிடிவாதமும் கூடவே வந்துவிடும். மனிதர்கள் எழுதியதைப் படித்துப் பழகும் இன்றைய ஏ.ஐ.-க்கு இது ரொம்பப் பொருத்தம். ஆனால் முடிவில் எண்டர்பிரைஸின் கேப்டன் கிர்க், "கொலைக்கு என்ன தண்டனை?" என்று கேட்டதும் அது குற்ற உணர்ச்சியில் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அப்படி ஒரு மனசாட்சியை நம்பி எந்த இயந்திரத்தையும் ஓட்ட முடியாது.

இன்னொன்று, ஆபத்து முழுவதும் ஒரே பெட்டிக்குள் இருப்பதாகக் காட்டினார்கள். இந்த விஷயத்தில் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடர் முந்திக்கொண்டது. 1966-இல் வந்த 'தி வார் மெஷின்ஸ்' கதையில், லண்டன் போஸ்ட் ஆபீஸ் டவரில் இருக்கும் கம்ப்யூட்டரை உலகின் மற்ற கம்ப்யூட்டர்களோடு இணைக்கப் போகிறார்கள். அது டெலிபோன் வழியாகவே ஆட்களை வசியம் பண்ணுகிறது. இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் தொடங்கியதே 1969-இல்தான். நான்கே பகுதிகள், கிடைத்தால் விடாதீர்கள்.