கேம் எபிக்ல மட்டும்தான் இருக்குன்னா காத்திருக்கிறதா, வாங்கிடுறதா?

இங்க டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. (ஸ்டீம், எபிக் ரெண்டும் பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடைங்க.) "அண்ணா, ஒன்பது வருஷமா ஸ்டீம்லதான் வாங்குறேன், எண்பது கேம் கிட்ட சேந்துருச்சு, வீட்ல என் தம்பியும் அவன் பிசில அதே கேம்ஸைத்தான் விளையாடுறான். இப்ப ஆலன் வேக் 2 விளையாடணும்னு ரொம்ப ஆசை, ஆனா பிசிக்கு எபிக்ல மட்டும்தான் இருக்கு. ஸ்டீமுக்கு வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாமா? ஒரு சைட்ல பாதி விலைக்கு ஸ்டீம் கீ போட்டிருக்கான், அதை வாங்கலாமா? என் கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1070."

கீ விஷயத்தை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இதை படிக்கிறதுக்குள்ள நீங்க காசு கட்டிடக்கூடாது. வாங்காதீங்க தம்பி. ஸ்டீம்லயே இல்லாத கேமுக்கு ஸ்டீம் கீ எங்கருந்து வரும்? கீங்கிறது அந்த கேமை செஞ்சவங்க ஸ்டீம்கிட்ட கேட்டு வாங்குற ஒரு நம்பர், கடையில சரக்கே இல்லாதப்ப டோக்கன் மட்டும் விக்கிறான்னா அவன் யாருன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா. நானும் ஒரு காலத்துல இப்படி ஒரு சைட்ல அரை விலைக்கு ஒரு கீ வாங்கி, அது வேலையும் செஞ்சு, நாலு பேர்கிட்ட பெருமையும் அடிச்சு, ரெண்டு மாசம் கழிச்சு பாத்தா லைப்ரரில இருந்து கேமே காணோம். எவனோ திருட்டு கார்டுல வாங்கி வித்த கீயாம், செஞ்சவங்க அதை கேன்சல் பண்ணிட்டாங்க. சைட்டுக்கு எழுதுனேன், இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. டர்பன்ல பிசி ரிப்பேர் பண்ணி பொழைக்கிறவனுக்கே இந்த கதி.

இப்ப காத்திருக்கிற விஷயத்துக்கு வருவோம். "எபிக்ல மட்டும்"னு எழுதியிருந்தா எல்லாம் ஒரே ரகம்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, அங்கதான் தப்பு பண்றாங்க. சனிக்கிழமை காலைல நம்ம சாட்ஸ்வர்த்ல பங்களாதேஷ் மார்க்கெட்ங்கிற காய்கறி சந்தைக்கு போறீங்கன்னு வைங்க. ஒரு கடைக்காரர் விவசாயிகிட்ட போயி "இந்த சீசன் முதல் மடும்பி (சேப்பங்கிழங்கு) மூட்டையெல்லாம் எனக்கு மட்டும் குடு, வித்தாலும் விக்காட்டியும் இவ்வளவு காசு இப்பவே தர்றேன், அடுத்த மாசத்துல இருந்து நீ யாருக்கு வேணா போடு"ன்னு சொல்றாரு. இன்னொருத்தர் வெத, உரம், கூலி எல்லாத்துக்கும் தானே காசு போட்டு பயிரே வைக்க சொல்றாரு. மூணாவது ஆளு நிலத்தையே வாங்கிப்புட்டாரு. மூணு கடையிலயும் "எங்ககிட்ட மட்டும்"னுதான் போர்டு தொங்கும், ஆனா முதல் கடை சரக்குதான் அடுத்த மாசம் பக்கத்து கடைக்கு வரும்.

எபிக் கடை 2018 டிசம்பர்ல ஆரம்பிச்சப்ப ரொம்ப பண்ணுனது முதல் ரகம். அப்ப ஸ்டீம் வித்த காசுல 30 சதவீதம் எடுத்துக்கும், எபிக் 12 போதும்னு வந்துச்சு. (அதுக்கு சில நாள் முன்னாடிதான் ஸ்டீமும் 1 கோடி டாலருக்கு மேல விக்கிற கேமுக்கு 25, 5 கோடிக்கு மேல போனா 20ன்னு இறங்கி வந்துச்சு, சின்ன ஆளுங்களுக்கு அதே 30தான், அதுல பலருக்கு கடுப்பு.) ஆனா பங்கு கம்மின்னு சொன்னா மட்டும் ஜனம் பழகுன கடையை விட்டு வருமா? அதான் காசை முன்னாடியே கொட்டுனாங்க. இதெல்லாம் எபிக்கும் ஆப்பிளும் கோர்ட்ல மோதிக்கிட்டப்ப 2021ல வெளிய வந்த பேப்பர்ல இருக்கு, பார்டர்லாண்ட்ஸ் 3ங்கிற கேமை ஒட்டுன டீலுக்கு எல்லாம் சேத்து 14.6 கோடி டாலர். கன்ட்ரோல் கேமை வெளியிட்ட கம்பெனிக்கு கிட்டத்தட்ட 95 லட்சம் யூரோ போயிருக்கு, அது அவங்க கணக்கு அறிக்கைல இருந்தே தெரிஞ்சது. செய்றவன் பக்கம் இருந்து யோசிச்சா யார் வேண்டாம்பாங்க, கேம் ஊத்திக்கிட்டாலும் சம்பளம் குடுக்க காசு கைல இருக்கு.

இந்த ரகம் எல்லாம் சொன்ன மாதிரியே ஸ்டீமுக்கு வந்துச்சு. மெட்ரோ எக்ஸடஸ் 2019 பிப்ரவரில எபிக், 2020 பிப்ரவரில ஸ்டீம். பார்டர்லாண்ட்ஸ் 3 சரியா ஆறு மாசம். கன்ட்ரோல் ஒரு வருஷம், அதுவும் ஸ்டீமுக்கு வரும்போது எக்ஸ்ட்ரா கதையெல்லாம் சேத்த அல்டிமேட் எடிஷனா வந்துச்சு, அதாவது பொறுத்தவனுக்கு பக் எல்லாம் சரி பண்ணுன முழு கேம், முதல் நாளே வாங்குனவன் தனித்தனியா வாங்குனான். தனியா கதை விளையாடுற ஆளுக்கு காத்திருக்கிறதுல பெருசா நட்டம் கிடையாது. ஆனா கூட்டமா விளையாடுறதுன்னா வேற கதை, பார்டர்லாண்ட்ஸுக்கு நான் வீம்பா ஆறு மாசம் உக்காந்திருந்தேன், ஸ்டீம்ல வந்த அன்னிக்கு ஆசையா வாங்கி, மாமா பசங்க மூணு பேரையும் கூப்பிட்டா மூணு பேரும் எப்பவோ முடிச்சிட்டு வேற எதுக்கோ போயிட்டானுங்க.

தேதி சொல்லாம "எபிக்ல வருது"ன்னு மட்டும் சொன்னாங்கன்னா அங்க உஷாரா இருங்க. கிங்டம் ஹார்ட்ஸ் 2021 மார்ச்ல எபிக்குக்கு வந்துச்சு, ஸ்டீமுக்கு வந்தது 2024 ஜூன். இதுதான் கணக்குன்னு யாரும் முன்னாடி சொல்லல, காத்திருந்தவன் பையன் ஸ்கூல் முடிச்சே இருப்பான்.

நீங்க கேக்குற கேம் ரெண்டாவது ரகம். ஆலன் வேக் 2க்கு வெத, உரம் போட்டதே எபிக்தான். 2020 மார்ச்லயே கேமை செஞ்ச ரெமெடி கம்பெனி கூட எபிக்கோட பப்ளிஷிங் பிரிவு ஒப்பந்தம் போட்டாங்க, செய்ற செலவை எபிக் ஏத்துக்கும், போட்ட காசு திரும்ப வந்ததுக்கு அப்புறம் லாபத்துல பாதி பாதி. கேம் வந்தது 2023 அக்டோபர் 27. போட்ட காசு திரும்ப வந்து ரெமெடிக்கு ராயல்டி வர ஆரம்பிச்சதே 2024 கடைசிலதான். காசு வந்தாச்சே, இனிமே ஸ்டீம்ல விட்டா இன்னும் லாபம்தானேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா எபிக்குக்கு இந்த ஒரு கேம் விக்கிறதை விட, இதுக்காக நீங்க அவங்க கடைக்குள்ள காலடி வைக்கிறதுதான் முக்கியம். அதனால ஸ்டீமுக்கு வர்ற வரைக்கும்னு உக்காராதீங்க, வந்தா வரட்டும். கடையை திறந்து பப்ளிஷர்னு இருக்கிற இடத்துல யார் பேர்னு பாருங்க, எபிக் பேரே இருந்துச்சுன்னா காத்திருக்கிற கணக்கை விட்டுடலாம்.

மூணாவது ரகத்துக்கு ராக்கெட் லீக். அதை செஞ்ச கம்பெனியையே 2019ல எபிக் வாங்கிடுச்சு, 2020 செப்டம்பர்ல கேமை ஃப்ரீ ஆக்குன கையோட ஸ்டீம் கடையில இருந்து எடுத்துட்டாங்க. ஆனா ஏற்கனவே ஸ்டீம்ல வச்சிருந்தவங்க அங்கயே தொடர்ந்து விளையாடலாம்னு விட்டாங்க. லைப்ரரி ஒரே நாள்ல போயிடுமோன்னு பயப்படுறவங்களுக்கு இதை சொல்றேன். ஆனா எந்த கடைன்னாலும் நீங்க வாங்குறது லைசென்ஸ்தான், 2024 அக்டோபர்ல இருந்து ஸ்டீமே காசு கட்டுற பக்கத்துல அதை எழுதி வச்சிருக்கு. கேம் ஃபைலை கைலயே வச்சுக்கணும்னா ஜிஓஜி மாதிரி இன்ஸ்டாலரையே இறக்கி ஹார்ட் டிஸ்க்ல போட விடுற கடைதான் வழி, ஆலன் வேக் 2 அங்க இல்ல.

எபிக்ல வாங்குனா நீங்க என்ன இழக்குறீங்கன்னு பாருங்க. பிளேஸ்டேஷன் மாதிரி புதுசா பெட்டி வாங்க வேண்டியதில்ல, லாஞ்சர் (கேமை இறக்கி திறக்குற ஆப்) ஓசி, அதனால "ரெண்டு லாஞ்சரா"ன்னு அலறுறதை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். உண்மையான நட்டம் உங்க தம்பிக்குத்தான். ஸ்டீம் ஃபேமிலில வீட்ல இருக்கிற ஆறு பேர் வரைக்கும் ஒருத்தர் கேமை இன்னொருத்தர் விளையாடலாம், எபிக்ல அந்த மாதிரி குடும்ப லைப்ரரி கிடையாது, அதனால இந்த கேமை உங்க பிசில உக்காந்துதான் அவனும் விளையாடணும். யூசர் ரிவ்யூ, வொர்க்‌ஷாப் மாட் (ரசிகர்களே கேம்ல செஞ்சு விடுற மாத்தம்) எல்லாத்துலயும் ஸ்டீம் எங்கயோ இருக்கு, எபிக் கடைக்கு ஷாப்பிங் கார்ட்டே 2021 டிசம்பர்லதான் வந்துச்சு, மூணு வருஷம் ஒவ்வொரு கேமா பில் போட்டானுங்க, தெருமுனை ஸ்பாஸா கடையில கூட கூடை இருக்கும். ஸ்டீம்லயே எல்லாம் தெரியணும்னா, எபிக் கேமை ஸ்டீம்ல வெளி கேமா சேத்துக்கலாம், ஷார்ட்கட் மாதிரி லைப்ரரில உக்காந்துக்கும்.

விலை பத்தி. எபிக் பங்கு கம்மியாதானே எடுக்குது, அப்ப விலையும் குறையணுமேன்னு கேப்பீங்க. மெட்ரோ எக்ஸடஸ் அமெரிக்காவுல எபிக்ல 10 டாலர் கம்மியா வந்துச்சு, அப்புறம் அந்த மாதிரி பெருசா யாரும் பண்ணல, மிச்சத்தை செஞ்சவங்க வச்சுக்கிறாங்க. மத்த இடத்துல விலை குறைய விடாம தடுக்கிறதே ஸ்டீம்தான்னு சொல்லி வுல்ஃபயர்னு ஒரு சின்ன கம்பெனி 2021ல அமெரிக்காவுல கேஸே போட்டிருக்கு. நம்ம ஊர்ல ரெண்டு விஷயம் பாருங்க. ஸ்டீம் விலை ராண்ட்ல இருக்கு, வேற எந்த கடைன்னாலும் கடைசி பில் பக்கம் வரைக்கும் போயி எந்த காசுல வருதுன்னு பாத்துட்டு அப்புறம் அமுக்குங்க, டாலர்ல போச்சுன்னா அன்னிக்கு ரேட்டும் பேங்க் சார்ஜும் சேரும், சில பேங்க் ராண்ட் பில்லுக்கே கூட கடை வெளிநாடுன்னு ஒரு சார்ஜ் போடும். வெளிநாட்டு டிஜிட்டல் கடைக்கு வாட் 2014 ஜூன்லயே வந்தாச்சு, இப்ப 15 சதவீதம், அதுல இருந்து யாரும் தப்ப முடியாது. அவசரம் இல்லன்னா எபிக் பெரிய சேல் வர்ற வரைக்கும் பொறுங்க, இது வேற மாதிரி காத்திருப்பு, இதுல அர்த்தம் இருக்கு. ஸ்டீமுக்காக காத்திருந்தா வருமான்னே தெரியாது, சேல் வருஷா வருஷம் வரும்.

அதுவரைக்கும் எபிக் அக்கவுன்ட் ஒண்ணு ஆரம்பிச்சு, ரெண்டடுக்கு பாஸ்வேர்ட் போட்டு, ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் ஓசி கேமை எடுத்து வச்சுக்கோங்க. இறக்கணும்னு இல்ல, க்ளெய்ம் பண்ணுனா போதும், டேட்டா செலவே கிடையாது. ஆலன் வேக் கதையோட ஒட்டுன கன்ட்ரோல் கேமையே 2021 ஜூன்ல சும்மா குடுத்தாங்க. இது தர்மம்னு நினைச்சுக்காதீங்க, முதல் ஒன்பது மாசம் குடுத்த 38 கேமுக்கு எபிக் கட்டுனது சுமார் 1.16 கோடி டாலர், அதுக்கு 50 லட்சம் புது அக்கவுன்ட் வந்துச்சு, ஆளுக்கு ரெண்டரை டாலர் கூட ஆகல. எக்ஸ்க்ளூசிவ் டீல்ல கோடி கோடியா போட்டதுல நிறைய தேறலன்னும் ஓசி கேம்தான் நல்லா வேலை செஞ்சுதுன்னும் எபிக் தலைவர் டிம் ஸ்வீனியே பின்னாடி ஒத்துக்கிட்டாரு. இப்ப அவங்க போக்கும் மாறிடுச்சு, ஆறு மாசம் எங்ககிட்ட மட்டும் விட்டீங்கன்னா வித்த காசு முழுசும் உங்களுக்கேன்னு 2023ல ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, முன்பணம் கிடையாது. அதுல வர்ற கேமா இருந்தா ஆறு மாசம்னு கணக்கு போட்டு தாராளமா பொறுக்கலாம்.

இவ்வளவு பேசிட்டேன், ஆனா உங்க கேஸ்ல கடை பெரிய தலைவலியே இல்ல தம்பி, கார்டுதான். ஆலன் வேக் 2 மெஷ் ஷேடர்னு ஒரு வசதியை நம்பி எழுதுன கேம், ஜிடிஎக்ஸ் 10 வரிசை கார்டுல அது கிடையாது, வந்தப்ப கம்பெனி கேட்ட குறைஞ்சபட்சமே ஆர்டிஎக்ஸ் 2060. வந்த புதுசுல 1070ல நொண்டுச்சு, 2024 மார்ச்ல ஒரு பேட்ச் விட்டதுக்கு அப்புறம் பழைய கார்டுல கொஞ்சம் பரவாயில்ல, ஆனாலும் கிராபிக்ஸ் செட்டிங் எல்லாத்தையும் லோல வச்சு மனசை தேத்திக்கிட்டுதான் விளையாடணும். இடமும் 90 ஜிபி கேக்குது, எஸ்எஸ்டிலதான் போடணும். வீட்ல ஃபைபர் இருந்தா சரி, ப்ரீபெய்ட் டேட்டான்னா கேமை விட இறக்குற செலவுதான் உறைக்கும், ஃபைபர் இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை பிசியை தூக்கிட்டு போயிடுங்க, சாப்பாடும் கிடைக்கும்.

சேல்ல வாங்குனாலும் வாங்குன அன்னிக்கே ஓட்டி பாத்துடுங்க. எபிக்லயும் ஸ்டீம் மாதிரியே 14 நாளைக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா விளையாடியிருந்தா காசு திரும்ப குடுப்பாங்க. ஆரம்பமே காட்டுக்குள்ளதான், மரமும் பனிமூட்டமும் கார்டை பிழிஞ்செடுக்குற இடம், அங்க உங்க 1070 எப்படி மூச்சு வாங்குதுன்னு பாத்தாலே தெரிஞ்சிடும். வீடியோ காட்சி ஓடுறதும் அந்த ரெண்டு மணி நேரத்துலதான் சேரும், மெனுவை திறந்து போட்டுட்டு டீ குடிக்க போனாலும் சேரும், அதனால ஒரு மணி நேரம் ஆனதும் கடிகாரத்தை பாருங்க, திணறுச்சுன்னா அப்பவே ரீஃபண்ட் போட்டுட்டு அந்த காசை புது கார்டுக்கு எடுத்து வைங்க.