முகத்துக்குக் குரல் ஒட்டவில்லையா?

எட்டு மாதமாகப் படங்களிலும் எழுத்திலும் மட்டுமே பழகிய தோழியின் குரலை நேற்று முதன்முறையாக போனில் கேட்டிருக்கிறீர்கள். கீச்சென்ற அந்தக் குரல் "வேறு யாரோ பேசுவது போல" இருந்தது, இப்போது அழைப்பை எடுக்கவே கூச்சம் என்கிறீர்கள். இதில் உங்கள் மேலும் தப்பில்லை, அவர் மேலும் இல்லை.

இத்தனை நாளும் அவர் எழுதியதை மனதுக்குள் ஒரு குரலில்தானே படித்தீர்கள்? அந்தக் குரல் நீங்களே கொடுத்தது. குரலின் சுருதியைத் தீர்மானிப்பது குரல்நாண்களின் நீளமும் தடிமனும் இழுவிசையும். புகைப்படத்தில் அது எங்கே தெரியப்போகிறது!

போனையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பழைய பாணித் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரைதான் கடத்தும். பெண்குரலின் அடிச்சுருதியோ பெரும்பாலும் 165 முதல் 255 ஹெர்ட்ஸுக்குள். ஆக, அடிப்பகுதி வெட்டுப்பட்டு மெலிந்த குரல்தான் காதுக்கு வரும். போதாததற்கு முதல் அழைப்புப் பதற்றம் வேறு; தொண்டை இறுகினால் சுருதி ஏறிவிடும். (உங்கள் குரலும் அவருக்கு எப்படிக் கேட்டதோ!)

அடுத்த முறை வீடியோவில், ஹெட்போன் போட்டுப் பேசுங்கள். உதட்டசைவும் ஓசையும் சேர்ந்து வந்தால் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். எனக்கு இதே கதை நடந்தபோது மூன்றாவது அழைப்பிலேயே பழைய கற்பனைக் குரல் மறந்துபோனது. அதுவரை குரலைப் பற்றி நீங்களாக எதுவும் சொல்லாதீர்கள். அவரே கேட்டால், "நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.