கீரையும் கடலையும் தவறாமல் உண்டும் மெக்னீசியம் ஏன் குறைகிறது?

உணவில் குறை வைக்காதபோதும் மெக்னீசியம் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போடுகிறார் என்று எண்ணுகிறேன். என் அம்மா அந்த வகை மாத்திரையான பான்டோபிரசோலை ஆறு ஆண்டுகள் போட்டுவந்தார்.

இரவில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்; விரல் நுனிகள் மரத்துப்போகும். பொட்டாசியமும் கால்சியமும் குறைவென்று மூன்று வாரம் மருந்து கொடுத்தும் இரண்டும் ஏறவில்லை. வயதானால் இப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பார்த்த சிறுநீரக மருத்துவர்தான் மெக்னீசியத்தை அளக்கச் சொன்னார். இரத்தத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 1.7 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 0.9 இருந்தது. மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைக் கசியவிடும், கால்சியத்தை உயர்த்தும் பாராதைராய்டு சுரப்பியும் சோர்ந்துவிடும் என்று அவர் விளக்கியபோதுதான் அந்த மூன்று வாரங்கள் வீணானதன் காரணம் புரிந்தது.

உண்ணும் மெக்னீசியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடலில் சேர்கிறது. பெரும்பகுதி சிறுகுடலில் செல்களின் இடுக்குகள் வழியே தானாக உட்புகுகிறது; பெருங்குடலிலோ அதற்கென உள்ள புரத வாயில்கள் எஞ்சியதை இழுத்துக்கொள்கின்றன. வடிகட்டியதில் 95 விழுக்காட்டுக்கு மேல் மீட்டுக்கொள்ளும் சிறுநீரகம், உடலில் பற்றாக்குறை வந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அம்மாவின் சிறுநீரில் மெக்னீசியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆகவே சிறுநீரகம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, பழுது குடலில்தான், அமில மாத்திரை அங்கே மெக்னீசியம் உட்புகுவதைக் குறைத்திருந்தது என்று தெளிவானது. நீர் பிரிக்கும் மாத்திரையால் வந்த இழப்பாக இருந்தால் சிறுநீரில் அது மிகுந்திருக்கும்.

நான் மருத்துவர் அல்லன். இதைப் படித்து யாரும் அமில மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. குடற்புண்ணில் இரத்தம் கசிந்தவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. ஆனால் நான் கதை கட்டவும் இல்லை. நீண்ட நாள், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல், இவ்வகை மாத்திரை உண்போருக்கு மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது. அது ஆராய்ந்தவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் பயனின்றி மாத்திரையையே நிறுத்த வேண்டியிருந்தது. அம்மாவுக்கும் மருத்துவர் மருந்தை மாற்றிய பிறகே அளவு நிலைத்தது.

இரண்டு வாரத்துக்கென்று எழுதித்தந்த சீட்டு அது. அதையே காட்டி ஆறு ஆண்டுகள் வாங்கினோம். மருந்துக்கடையிலும் சரி, மருத்துவமனையிலும் சரி, எத்தனை நாளாக உண்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.