கண்ணில் கூழாகும் மருந்து

கேள்வி: கண்ணில் விடும் சொட்டு மருந்து உடனே வழிந்துவிடுகிறது. உடல்வெப்பத்தில் கூழாக இறுகும் மருந்தே இதற்குப் போதாதா? அதற்குள் நானோ துகள்களையும் சேர்ப்பது ஏன்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: கூழ் மட்டும் போதாது. பொலொக்சமர் 407 என்னும் பல்பகுதியத்தின் ஏறத்தாழ 20 சதவீதக் கரைசல், குளிரில் நீர்போல ஓடி, உடல்வெப்பத்தில் இறுகினாலும், கண்ணீரில் விரைவாகக் கரைந்து மருந்தை வெளியே விட்டுவிடுகிறது. மருந்தைச் சுமார் 100 நானோமீற்றர் அளவுள்ள லிப்போசோம் எனும் கொழுப்புறைகளில் அடைத்துக் கூழில் கலந்தால், அது முதலில் உறையையும் பிறகு கூழையும் கடக்க வேண்டியிருப்பதால் மெதுவாகவே வெளியேறும். உறைகள் கண்ணீரோடு அடித்துச் செல்லப்படாதபடி கூழ் அவற்றைப் பிடித்துவைக்கும். ஆயினும், 30 பாகை செல்சியஸைத் தாண்டும் மட்டக்களப்பு வெயிலில் இக்கரைசல் போத்தலுக்குள்ளேயே இறுகக்கூடும் என்பதால், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளையும் ஆய்வாளர்கள் கட்டாயம் கருத்திற்கொள்ள வேண்டும்.