உடல் வளையாதவர்கள் யோகா செய்ய முடியுமா?

குனிந்தால் கால் விரலைத் தொட முடியவில்லை, எனக்கு யோகா சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சரிப்படும். உடல் வளைவது பயிற்சியால் வருவது, பயிற்சிக்கு நுழைவுத் தகுதி அல்ல. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி யோகாவுக்குச் சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் ஒன்றுதான், அதுவும் மூன்றாவது. அதற்கு அவர் தந்த இலக்கணமே நிலையாகவும் சுகமாகவும் இருப்பதுதான்.

இதைவிட ஆபத்தான எண்ணம், வலித்தால்தான் பலன் என்பது. தசையை வெடுக்கென்று இழுத்தால் அது தன்னைக் காத்துக்கொள்ளச் சுருங்கும். உடலின் அனிச்சைச் செயல் அது. மெதுவாகப் போய், மூச்சை நீளமாக விட்டு, அங்கேயே சற்று நின்றால் தசை தளரும். லேசான இழுவை சரி. மூட்டில் குத்தினாலோ கை கால் மரத்துப்போனாலோ உடனே ஆசனத்திலிருந்து வெளியே வந்துவிடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் ஏற்கெனவே எல்லை தாண்டியாயிற்று.

எல்லா ஆசனமும் எல்லோருக்கும் பாதுகாப்பானது என்பதும் தவறு. தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள் அழுத்தம் கூடும். அதனால் கிளாக்கோமா என்னும் கண் நரம்பு பாதிப்பு நோய் உள்ளவர்களுக்குச் சிரசாசனம் வேண்டாம். கட்டுப்படாத இரத்த அழுத்தமோ கழுத்துப் பிரச்சினையோ இருந்தாலும் அப்படியே. கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

அப்புறம், வியர்வையில் நச்செல்லாம் போய்விடும் என்பார்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும்தான் பார்க்கின்றன. வியர்வை முக்கியமாக உடல் சூட்டைத் தணிக்க.

நீங்கள் முழங்காலை லேசாக மடித்துக்கொண்டே குனியுங்கள். விரல் தொட வேண்டியதில்லை, முதுகு நீண்டால் போதும்.