குஞ்சு கூட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது, கிட்டப் போகலாமா?

கேள்வி: பால்கனியில் தொங்கும் பூந்தொட்டியில் சின்னான் (புல்புல் பறவை) கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருக்கிறது. இன்றோடு பத்து நாள். ஒரு குஞ்சு விளிம்பில் ஏறிச் சிறகடிக்கிறது. பெரிய பறவையோ பூச்சியைக் கவ்விக்கொண்டு எதிர்க் கொடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. குஞ்சு விழாமலிருக்க வலை கட்டலாமா?

பதில்: வேண்டாம். தொட்டிப் பக்கம் போவதை இன்றோடு நிறுத்துங்கள். செடிக்குத் தண்ணீர்கூட இரண்டு மூன்று நாள் கழித்து ஊற்றிக்கொள்ளலாம்.

சின்னான் குஞ்சுகள் ஏறக்குறைய 12 நாளில் கூட்டை விட்டுக் கிளம்பும். கிளம்புவது பிரச்சினையே இல்லை. ஆளைக் கண்டு மிரண்டு ஓரிரு நாள் முன்னதாகக் குதிப்பதுதான் ஆபத்து. ஒன்று குதித்தால் மற்றவையும் குதித்துவிடும். எடுத்துத் திரும்ப வைத்தாலும் பெரும்பாலும் கூட்டில் தங்காது.

சரி, பெரிய பறவை ஏன் வரவில்லை? நீங்கள் அங்கே நிற்பதால் இருக்கலாம். உள்ளே போய்த் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு மணி நேரம் பாருங்கள். ஊட்ட வந்தால் காரணம் நீங்கள்தான். ஆள் இல்லாதபோதும் இரையைக் காட்டித் தள்ளி நின்றே கூப்பிட்டால், குஞ்சை வெளியே அழைக்கிறது என்று கொள்ளலாம்.

பைனாகுலர் இருந்தால் சிறகைப் பாருங்கள். சில நாள் முன்பு இறகுகள் உறைக்குள் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருந்திருக்கும். இப்போது குஞ்சு அலகால் கோதக் கோத, உறை பொடுகுபோல் உதிர்ந்து இறகு விரியும். இரை கொடுத்த கையோடு தாயோ தந்தையோ குஞ்சின் எச்சத்தை வெள்ளைப் பொட்டலமாகக் கவ்விப் போவதையும் பார்க்கலாம். எனக்குச் சலிக்காத காட்சி அது.

கிளம்பும் குஞ்சு சரியாகப் பறக்காது. தத்தித் தத்திப் புதரிலோ தரையிலோ உட்காரும். உடம்பு முழுக்க இறகிருந்து தத்தினால் விட்டுவிடுங்கள், பூனையை மட்டும் வீட்டுக்குள் அடைத்து வையுங்கள். நட்டநடு வழியில் உட்கார்ந்திருந்தால் பக்கத்துப் புதரில் எடுத்து வைக்கலாம். வெற்றுத் தோல் தெரியும் குஞ்சு விழுந்தால் தயங்காமல் கூட்டிலேயே வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. வாயில் தண்ணீரோ பாலோ விடவே கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

அப்புறம், கூடு காலியானதும் தேடி அலையாதீர்கள். பெற்றோர் இன்னும் பல நாள் வெளியிலேயே ஊட்டும். பக்கத்துப் புதருக்குள் விடாமல் கத்தும் சத்தம் கேட்டால் அசையாமல் நின்று பாருங்கள்: குட்டை வாலோடு ஒன்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.