யார்க் நகரில் முதல் நாள்: ஜெட்லாக்கும் ஆப்டர்நூன் டீயும்

கேள்வி: ஜூன் மாதம் சென்னையிலிருந்து துபாய் வழியாகக் காலை 7 மணிக்கு மான்செஸ்டரில் இறங்கி, அன்றே யார்க் செல்கிறோம். சற்று ஓய்வெடுத்துவிட்டு மாலை 5 மணிக்கு ஆப்டர்நூன் டீ வைத்துக்கொள்ளலாமா?

பதில்: 5 மணி வேண்டாம், 2.30 அல்லது 3 மணிக்கு முன்பதிவு செய்யுங்கள். கோடையில் இந்திய நேரம் இங்கிலாந்து நேரத்தைவிட நாலரை மணி முன்னே ஓடுவதால், அங்கே 5 மணி அடிக்கும்போது உங்கள் உடலுக்கு இரவு 9.30 ஆகியிருக்கும், விமானத்தில் அரைகுறையாகத் தூங்கியவருக்கு அப்போது படுக்கையைத் தவிர எதுவும் வேண்டியிருக்காது. 3 மணி என்றால் நம் ஊர் இரவு 7.30, பசிக்கிற நேரம். மேலும், குடித்த டீயிலுள்ள காஃபினில் பாதி குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் பிடிக்கும் என்பதால், அன்றைய கடைசிக் கோப்பை 3 மணியோடு முடிவது இரவுத் தூக்கத்துக்கும் நல்லது. ஆப்டர்நூன் டீ என்பது வெறும் டீ அல்ல, சாண்ட்விச், ஸ்கோன் (சிறு பன் போன்ற பண்டம்), கேக் என்று வயிறு நிறைந்துவிடுவதால், அதையே அன்றைய இரவு உணவாகக் கொள்ளுங்கள்.

மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்து யார்க் செல்ல நேரடி ரயில் உண்டு. சுமார் இரண்டு மணி நேரப் பயணம். ஒரே ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லுபடியாகும் மலிவான அட்வான்ஸ் டிக்கெட்டை அன்றைக்கு வாங்காதீர்கள், ஏனெனில் விமானம் தாமதமானால் அந்தப் பணம் போய்விடும். ஹோட்டல் அறை பெரும்பாலும் 3 மணிக்குத்தான் கிடைக்கும். ஆனால் கேட்டால் பெட்டிகளை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

செயின்ட் ஹெலன்ஸ் சதுக்கத்திலுள்ள பெட்டீஸ் தேநீரகத்தையே பலரும் விரும்புகிறார்கள். அங்கே கீழ்த்தளத்தில் இடம் பிடிக்க வரிசையில் நிற்க நேரிடும், தூக்கக் கலக்கத்தோடு அது பெரும் சோதனை. மாடியிலுள்ள பெல்மான்ட் அறையை முன்பதிவு செய்வதே சரி. குவீன் மேரி கப்பலின் உள்ளலங்காரத்தில் மனம் பறிகொடுத்த நிறுவனர் பிரெடெரிக் பெல்மான்ட், 1937இல் அதே பாணியில் இந்தத் தேநீரகத்தை அமைத்தார்.

கேள்வி: டீ முடித்தபின் தூங்கும் நேரம் வரை என்ன செய்வது? என் பெற்றோரும் உடன் வருகிறார்கள்.

பதில்: வெளியில், வெளிச்சத்தில் இருங்கள், இதுதான் முக்கியம். மேற்கே பயணம் செய்தவரின் உடல் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அந்த வேலையை மாலை வெளிச்சம் செய்கிறது. யார்க்கில் ஜூன் மாதச் சூரியன் இரவு 9.30 மணி வாக்கில்தான் மறைகிறது என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. நகரைச் சுற்றியுள்ள பழைய மதில் சுமார் 3.4 கிலோமீட்டர் நீளம். அதில் பூதம் பார் வாயிலிலிருந்து மங்க் பார் வாயில் வரையுள்ள பகுதியை மட்டும் நடந்தால் போதும். ஒரு பக்கம் மரங்களும் தோட்டங்களும், அவற்றுக்கு மேலே யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் கோபுரங்களும் உடன் வந்துகொண்டே இருக்கும். ஆனால் மதில்மேல் ஏறுவதற்குப் படிகள் செங்குத்து, உட்புறத்தில் பல இடங்களில் கைப்பிடியும் கிடையாது. தலை கிறுகிறுக்கும் நிலையில் பெரியவர்களை அங்கே ஏற்றாதீர்கள். செயின்ட் மேரிஸ் மடத்தின் இடிபாடுகள் நிற்கும் மியூசியம் கார்டன்ஸ் புல்வெளி அவர்களுக்கு ஏற்றது.

மின்ஸ்டரில் மாலையில் நடைபெறும் ஈவன்சாங் வழிபாட்டுக்குக் கட்டணமில்லை, பாடகர் குழுவின் இசையோ அற்புதம். அதனாலேயே அதை இரண்டாம் நாளுக்கு வையுங்கள்: முதல் நாளில் அமைதியான இடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் பாதியிலேயே தூக்கம் வந்துவிடும்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவர்கள். ஆப்டர்நூன் டீயில் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். அங்கே ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை உண்டு என்றே பொருள். கேக்குகளில் மட்டுமன்றி, பல இடங்களில் ஸ்கோனிலும் முட்டை சேர்ப்பார்கள். ஆகவே முட்டையில்லாதது வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடுங்கள். பாலும் முட்டையும் இல்லாத வீகன் தட்டு கேட்பது எளிய வழி, ஆனால் ஸ்கோனில் தடவும் கிளாட்டட் கிரீம் பாலாடையிலிருந்து வருவதால் அதில் இருக்காது. மூஸ், ஜெல்லி போன்றவற்றில் விலங்குகளிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் உண்டா என்றும் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் நண்பகலில் லண்டன் ஹீத்ரோவில் இறங்குகிறோம். அன்றே யார்க்கில் டீ சாத்தியமா?

பதில்: இல்லை. சோதனைகள் முடிந்து கிங்ஸ் கிராஸ் நிலையம் சேர்வதற்கே 2 மணிக்கு மேல் ஆகிவிடும், அங்கிருந்து யார்க் இன்னும் இரண்டு மணி நேரம். டீயை மறுநாளுக்கு மாற்றிவிட்டு, அன்று மாலை சிறிது நடந்துவிட்டு உறங்குங்கள்.

கேள்வி: தூக்கத்துக்கு மெலடோனின் மாத்திரை அங்கேயே வாங்கலாமா? அதிகாலையில் விழிப்பு வந்தால்?

பதில்: பிரிட்டனில் மெலடோனின் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும், வேண்டுமானால் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். இரவு 9 மணி வரை விழித்திருந்தாலும் 3, 4 மணிக்குக் கண் திறப்பது இயல்பே. ஜூனில் அப்போதே வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். அந்த வெளிச்சம் உடல் கடிகாரத்தை இந்திய நேரத்தின் பக்கமே இழுக்கும் என்பதால், திரைச்சீலையை விலக்காமல், கைபேசியையும் எடுக்காமல் படுத்திருங்கள்.